முதல் கம்பம்

மழை விட்டு அடிக்கும் வெயிலில் கெண்டக்கிப் பந்தயத் திடலின் சேறு மினுங்குகிறது. புறப்பாட்டுக் கதவு திறந்து, குதிரைகள் நாற்பதடி ஓடி முதல் கம்பத்தைத் தாண்டும்போதுதான் இங்கே நேரக்கணக்கு தொடங்கும். முப்பது வருடமாக இதே வேலியோரம் நின்று வேகம் கணிக்கும் வெண்டெல், இன்று கதவு திறந்ததுமே கடிகாரத்தை அமுக்கிவிட்டதை மனைவி மர்லா பார்த்துவிட்டாள். திடலின் நேரப் பலகையில் விழுந்த நேரத்தைவிட அவனுடையது இரண்டு விநாடி கூடுதல். "பலகைக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு. என்னோடதை எழுதிக்கோ," என்கிறான் வெண்டெல். "கம்பத்துலதானே அமுக்குன?" "எந்தக் கம்பம்?" அவள் கையில் காபி ஆறுகிறது. ஜெயித்த குதிரை விலா விம்ம, நுரை ஒழுகக் கடந்துபோகிறது. மர்லா அவன் சொன்ன நேரத்தையே நோட்டில் எழுதுகிறாள். நம்ப முடியாத எண்ணுக்கெல்லாம் போடச் சொல்லி அவனே பழக்கிவைத்த சின்னக் கேள்விக்குறியைப் பக்கத்தில் போட்டு, அவன் பார்க்குமுன் கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறாள்.