கத்தாத பிரேக்

மூன்றாவது தடவையும் துஷாந்தினி பக்கத்துக் காம்பரா வீட்டுத் தம்பையாவின் பீன்ஸ் பாத்திக்குள்தான் போய் நின்றாள்.

இரண்டு பிரேக்கையும் விரல் வலிக்கப் பிடித்திருந்தாள். சைக்கிள் அதைச் சட்டை செய்யவே இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வாசல் சரிவில் சாவகாசமாக இறங்கி, பீன்ஸ் குச்சி ஒன்றைச் சாய்த்துவிட்டு, தனக்குப் பிடித்த இடத்தில் நின்றது.

தம்பையா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஹல்துமுல்லைச் சந்தியிலிருந்து பதினெட்டுப் பேர் சைக்கிளில் புறப்படுகிறார்கள். கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, அங்கிருந்து பொத்துவில் கடல் வரை, ஒரே நாளில். இறக்கம் முழுக்க வளைவு, ஒரு பக்கம் பள்ளம். அதனால் சைக்கிள் கிளப் செயலாளர் ஷப்ராஸ் ஒவ்வொருவரையும் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி, பின்னால் நின்று சைக்கிளைத் தள்ளிப் பார்ப்பார். உருண்டால் வீட்டுக்குப் போகலாம்.

போன வருடம் அவளுடையது உருண்டது.

டவுன் கடையொன்றில் சர்வீசுக்குக் கொடுத்து வாங்கியிருந்தாள். அந்தப் புண்ணியவான் கேபிளை முடுக்கவே இல்லை. அத்தனை ஆண்களுக்கு முன்னால் சைக்கிளைத் திருப்பி, லயம் வரை தள்ளிக்கொண்டே வந்தாள். இனி என் சைக்கிளை இன்னொருவர் தொடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஒரு வருடமாக யாரையும் தொட விடவில்லை. வேலை பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, போனில் வீடியோ பார்த்துப் பஞ்சர் ஒட்டப் பழகினாள். செயினைக் கழற்றிக் கழுவப் பழகினாள்.

நேற்று வரை பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. பிடிக்கும்போதெல்லாம் கத்தியது, அவ்வளவுதான். லயமே திரும்பிப் பார்க்கிற கத்தல். இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத அம்மாகூட, இது கத்துவதைக் கேட்டால் தனக்கே எங்கேயோ வலிக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள்.

பிரேக் கட்டையின் முன்பக்கத்தை மயிரிழை அளவு உள்ளே சாய்த்தால் சத்தம் நின்றுவிடும் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். நேற்றுச் சாயங்காலம் சாய்த்தாள். இருட்டிவிட்டதால் ஓட்டிப் பார்க்கவில்லை. இன்று காலையில் உருட்டிப் பிடித்தால் சத்தமே இல்லை. தன் கைக்கு இவ்வளவு ராசி இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது.

சத்தத்தோடு பிரேக்கும் போய்விட்டது என்று முதல் தடவை பீன்ஸுக்குள் இறங்கியபோதுதான் தெரிந்தது.

சாய்த்ததை நிமிர்த்தினாள். பிடிக்கவில்லை. கேபிளை முடுக்கினாள். பிடிக்கவில்லை. வழிக்கென்று வாங்கி வைத்திருந்த புதுக் கட்டைகளை எடுத்துப் போட்டாள். அவையும் வழுக்கின.

கட்டை விற்ற இப்றாஹீம் நானாவுக்குப் போன் போட்டுச் சாமான் சரியில்லை என்று சண்டை பிடித்தாள். ரிம்மைத் துடைத்தாயா பிள்ளை என்று அவர் அமைதியாகக் கேட்டது இன்னும் எரிச்சலாக இருந்தது. துடைக்காமல் என்ன? சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடந்த பழந்துணியை எடுத்து, ஒரு தரமல்ல, நாலு தரம் அழுத்தித் துடைத்திருந்தாள்.

மணி நாலரை. கையெல்லாம் கறுப்பு. ஸ்பேனரைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறிந்தால் அதையும் பீன்ஸுக்குள் போய்த்தான் தேட வேண்டும். இந்த வருடமும் தள்ளிக்கொண்டுதான் திரும்பப் போகிறோம் என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

அம்மா ஜெயலெட்சுமி கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வலது முழங்காலில் கையை ஊன்றி, படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினாள். வெறும் கூடையை இறக்கி வைத்தவள் முதலில் பார்த்தது சைக்கிளைத்தான்.

"இப்ப கத்தமாட்டேங்குதுல்ல?"

முகத்தில் வெட்கமும் பெருமையும் சேர்ந்து ஒரு சிரிப்பு.

துஷாந்தினி பழந்துணியை மூக்கருகே கொண்டுபோனாள். வைத்தியரிடம் மாதத்துக்கு ஒரு போத்தல் அம்மா வாங்கி வருகிற முட்டுவலி எண்ணெய். பத்து வருடமாகக் காம்பரா முழுக்க அடிக்கிற வாசம் என்பதால் மூக்கு அதைத் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை.

விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன், அம்மா அந்த எண்ணெயை இதே துணியால் இரண்டு ரிம்மிலும் ஒரு இடம் விடாமல் தேய்த்துவிட்டிருக்கிறாள். பிரேக் கட்டைகளிலும்தான்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜன்னலில் போத்தல் காலியாக இருந்தது. மாதம் பாதிகூட ஆகவில்லை.

அந்தப் பள்ளத்தில் என்னைக் கொன்றே இருப்பாய் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"ஆமாம்மா. நல்லாப் போகுது."

அம்மா குளிக்கப் பீலிக்குப் போகும் வரை காத்திருந்தாள். ஒவ்வொரு படிக்கும் அவள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சட்டி கழுவுகிற சவர்க்காரத்தால் ரிம்மைக் கழுவினாள். கட்டைகளைச் சாண்ட்பேப்பரில் உரசினாள்.

சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, சரிவில் இறங்கி, பிரேக்கைப் பிடித்தாள்.

பீன்ஸுக்கு நாலடி முன்னாலேயே சைக்கிள் நின்றது. தம்பையா எழுந்து காதைப் பொத்துகிற அளவுக்குக் கத்திக்கொண்டு நின்றது. வீடியோக்காரன் சொன்னபடி திரும்பவும் சாய்த்துப் பார்த்தாள். அதற்கும் கத்தியது. பீலித் தண்ணீர் கொட்டும் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்டிருக்காது.

நாளை விடியும்போது அம்மா வாசலில் நின்று வழியனுப்புவாள்.

ஏறினால் பிரேக் கத்தும்; அவள் காதுக்கு எட்டாத தூரம் போகும் வரை ஏறக்கூடாது. போன வருடம் தள்ளிக்கொண்டு வந்த அதே பாதையில், சந்தி வரை, தள்ளிக்கொண்டே போக வேண்டும்.