வடக்குக் குடாவில் ஒரு வீடு

இருபத்தைந்தாவது திருமண நாளுக்குக் கணவரை மத்தியதரைக் கடலில் ஒரு குட்டித்தீவுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டாள் டொக்டர் உதயகலா. தனி வீடு, தனிப் படகு, யாருடைய தொந்தரவும் இருக்கக் கூடாது. அவள் காட்டிய, தனித்தனி வீடுகள் கொண்ட ஆடம்பர ஹொட்டேலைப் பார்த்ததும், யாழ்ப்பாணத்தில் பயண முகவராக இருக்கும் ஜெயசுதன் மறுத்துவிட்டார்.

“உது வேண்டாம் டொக்டர். தெற்குக் கரையிலை பின்னேரக் காத்து ஆளைத் தூக்கும். வடக்குக் குடாவிலை கார்மேலா எண்ட அம்மாவின்ரை வீடு இருக்கு. கடல் குளம் மாதிரிக் கிடக்கும். விடிய அவவே கோதுமை மாப் பிசைஞ்சு பாண் சுட்டுத் தருவா.”

உதயகலா வியந்துபோனாள். “எத்தினை தரம் போயிருக்கிறியள்?”

“அந்த மண்ணிலை நான் கால் வைக்கேல்லை.”

“பிறகெப்பிடி?”

“இருபது வருசத்துக்கு முதல், இத்தாலிக்கு வெளிக்கிட்ட எங்கடை படகு பழுதாகி அந்தக் குடாவிலை நிண்டது. முப்பது பேர். பதினொரு நாளும் கரைக் காவல்காரர் இறங்க விடேல்லை. அவதான் விடிய விடியத் தனியத் தோணி வலிச்சு வந்து பாண் தந்தவ. பிறகு எங்களைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். இப்ப வாற ஆக்களையெல்லாம் அவவிட்டைத்தான் அனுப்புறன்.”

“நீங்கள் ஆரெண்டு அவவுக்குத் தெரியுமோ?”

“இல்லை. சொன்னதில்லை.”

உதயகலா ஹொட்டேல் படத்தை மூடினாள்.

“அந்த வீட்டையே பதியுங்கோ. இந்தமுறை நான் சொல்லுவன்.”