கணுக்கால் கட்டு

"ஒரு வார்த்தை வெளியில போச்சுன்னா உன் வேலை போச்சு. ஞாபகம் இருக்கட்டும்" என்றார் கோச்.

சிகிச்சை அறை மேசையில் டென்னிஸ் சாம்பியன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருடைய இடது கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் சார்" என்றாள் பிசியோ.

போட்டி நடத்துபவர்கள் வைத்த ஆள் அவள். எல்லா வீரர்களுக்கும் பொது. ஆனாலும் கோச் பயப்படுவதில் நியாயம் இருந்தது. இன்று சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

அவர்கள் போன பத்தாவது நிமிடம் தம்பி வந்து மேசையில் ஏறி உட்கார்ந்தான். பழைய சுளுக்கு அவனுக்கு. அக்கா கட்டுப் போடாமல் களத்தில் இறங்கமாட்டான்.

"அவருக்கு எங்கயாவது அடியாக்கா? முகமே சரியில்லையே?"

அவள் பிளாஸ்டர் சுருளை எடுத்தாள். "வாயை மூடிட்டுக் காலை நீட்டு."

நீட்டினான். அவள் கை தன்பாட்டுக்கு பிளாஸ்டரை இறுக்கிச் சுற்றியது. மனசு கோச்சின் முறைப்பிலேயே நின்றது. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"மூச்!"

அவன் கட்டுப் போட்ட காலையும் அவள் முகத்தையும் ஒரு நொடி பார்த்தான். எழுந்து போனான்.

தரவரிசையில் நூறுக்கும் கீழே கிடக்கிற பயல், அரைமணியில் மூட்டை கட்டிவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவனோ பந்தையெல்லாம் சாம்பியனின் இடப்பக்க ஓரத்துக்கே அனுப்பினான். சாம்பியன் தாங்கித் தாங்கி ஓடினார். முதல் செட் போயிற்று.

அக்காவால் சந்தோஷப்பட முடியவில்லை. கோச் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, எதிர் வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். 'சத்தியமா நான் சொல்லலையே!' என்று உள்ளுக்குள் அலறினாள்.

இரண்டாவது செட்டும் போயிற்று. சாம்பியன் முதல் சுற்றிலேயே வெளியே.

தம்பி நொண்டிக்கொண்டே சிகிச்சை அறைக்கு வந்தான். அவள் கதவைத் தாழிட்டாள்.

"யாருடா உனக்குச் சொன்னது? என் பொழப்பே போகப்போகுது!"

"நீதான்க்கா."

"நானா? நான் வாயே திறக்கலையே!"

கதவு படபடவென்று தட்டப்பட்டது. வெளியே கோச்சின் குரல்.

தம்பி மெதுவாக இரண்டு காலுறைகளையும் கழற்றினான்.

"எனக்குச் சுளுக்கு வலது கால்லக்கா. காலையில நீ கட்டுப் போட்டது இடது கால்ல."