ஒரு முழு நிமிடம்

அந்த டெய்லருக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்பது நர்ஸுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. இருந்தும் நான்காம் நாளும் ஆள் டாணென்று பதினோரு மணிக்கு வந்து நின்றார்.

புயலும் வெள்ளமும் புரட்டிப் போட்ட ஊர். பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறைதான் மருத்துவ முகாம். சுவரில் மார்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அதற்கு மேலே கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட வகுத்தல் கணக்கு. தகரத்திலும் ஆணியிலும் காலைக் கிழித்துக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது.

வெளியூர் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டுத் தானாகக் கிளம்பி வந்தவள் நர்ஸ். விடிந்ததிலிருந்து நின்றபடியே கழுவுவாள், கட்டுவாள், ஊசி போடுவாள். கொஞ்சம் உட்காரச் சொல்லி கம்பவுண்டருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். புண்ணோடு ஆட்கள் நிற்கும்போது தான் மட்டும் உட்காருவதா என்பது அவள் கட்சி.

ஒரே ஒரு வேலைக்குத்தான் உட்காருவாள். நாடி பார்க்க. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது ஏமாற்று வேலை என்று கண்டித்த தலைமை நர்ஸிடம் தொழில் பழகியவள். உட்கார வேண்டும், மணிக்கட்டில் விரலை வைக்க வேண்டும், விநாடி முள்ளைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்.

"படபடன்னு வருது சிஸ்டர்" என்பார் டெய்லர். தினமும் அதே பாட்டு. மேஜையில் கையை நீட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார்.

ஒன்று, இரண்டு, மூன்று...

இருபதைத் தாண்டினால் எண்கள் மெத்தென்று ஆகிவிடும். அவள் வீட்டு ஜன்னல் திரை தெரியும். தண்ணீர் ஓசைப்படாமல் அறைக்குள் வரும், எதையும் நனைக்காது. கட்டில் மெல்லக் கிளம்பித் தெருவுக்கு மிதந்து போகும். வாசலில் துணி மடித்துக்கொண்டிருக்கும் கணவர், "போயிட்டு வா, அவசரமில்லை" என்பார். மரங்களுக்கு நடுவே, கூரைகளுக்கு மேலே, இளம் வெயிலில் கட்டில் போய்க்கொண்டே இருக்கும். பயமே இருக்காது. உலகத்தில் ஒருவருக்கும் எங்கேயும் வலி இல்லை என்று தோன்றும்.

"எவ்வளவு சிஸ்டர்?"

டெய்லரின் குரலில் திடுக்கிடுவாள். எண்ணிக்கை எங்கே போயிற்றோ தெரியாது. ஒரு நொடி கவனம் சிதறியதற்கே அவமானமாக இருக்கும். "எழுபத்திரண்டு. நல்லா இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, நோட்டிலும் எழுதிவிடுவாள்.

நிமிர்ந்தால், பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய டாக்டர் வாசலில் நிற்பார். இந்த மனிதர் எப்படித்தான் தினமும் சீக்கிரம் வந்துவிடுகிறாரோ என்று நினைத்துக்கொள்வாள். உடம்பிலும் களைப்பு குறைந்திருக்கும். டெய்லர் மேல் வரும் எரிச்சல்தான் தன்னை முறுக்கி விடுகிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

எரிச்சல் வராதா பின்னே? ஊரே மண்வெட்டியும் கையுமாகத் தெருவில் கிடக்க, இவருக்கு மட்டும் படபடப்பு. சேறு அள்ளாமல் தப்பிக்க டாக்டர் சீட்டுக்கு அடிபோடுகிறார் என்று தீர்மானித்துவிட்டாள்.

இன்று அவள் உட்காரவில்லை.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லைங்க. பின்னாடி பாருங்க, எத்தனை பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்கன்னு. உங்க பொய்க்காக தினமும் ஒரு நிமிஷம் வீணாகுது. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார். எண்ணாமலே எழுபத்திரண்டு என்று மூன்று நாள் எழுதியது யாராம் என்று அவள் மனசு முணுமுணுத்தது. அதை ஒரு அதட்டுப் போட்டு அடக்கினாள்.

வரிசையில் இருப்பவர்கள் தன் பக்கம் பேசுவார்கள் என்று நினைத்தாள். ஆனால் அடுத்து நின்ற லாரி டிரைவர், காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே வந்து, டெய்லரை மெல்ல விலக்கிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், மேஜையில் கையை நீட்டினார்.

"காயம் கால்லதானே? கையை எதுக்கு நீட்டுறீங்க?"

டிரைவர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் மருந்துப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். நீங்க சொல்ற அந்த ஒரு நிமிஷம், நேத்து முக்கால் மணி நேரம். நாடி புடிச்சபடியே டெய்லர் கையில தலையை வச்சுத் தூங்கிடுறீங்க. நின்னுக்கிட்டே விழுந்துடுவீங்களோன்னு எங்களுக்கெல்லாம் பயம். நாடி பார்க்க மட்டும்தான் உட்காருறீங்கன்னு கண்டுபிடிச்சதே அவர்தான். அவசரக் கேஸ் வந்தா உடனே எழுப்பணும், மத்தவங்க பொறுத்துக்கணும்னு பேசி வச்சிருக்கோம். விடியறதுக்குள்ள ரெண்டு வீட்டுச் சேத்தை அள்ளிட்டுத்தான் அவர் இங்க வர்றாரு."

நர்ஸ் வரிசையைப் பார்த்தாள். எல்லோரும் குற்றம் செய்துவிட்டவர்கள் மாதிரி எங்கெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். டெய்லரின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வெட்கத்தில் கண் தளும்பிவிட்டது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு அது துணி வெட்டுற கை சிஸ்டர். மூணு நாளா மரத்துக் கிடக்கு" என்றார் டிரைவர், கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி. "இன்னைக்கு என் கையில தூங்குங்க."