நாலு மாதப் புளிமாவு

திருவெறும்பூர் வீட்டுச் சமையலறையில் பிரான்சி கண்ணாடி ஜாடியை ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள். ரொட்டிக்கான புளிமாவு, கனடா போகும்போது மகள் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. அக்காவின் ஆபரேஷனுக்குத் துணையாக நாகர்கோவில் போய் நாலு மாதம் தங்கிவிட்டு இன்றுதான் திரும்பியிருக்கிறாள். அடிக்கடி புது மாவு போட்டால்தான் அது உயிரோடு புளித்துக்கொண்டிருக்கும்; வீட்டிலிருந்த கணவர் எப்படியும் மறந்திருப்பார், இத்தனை நாள் பட்டினியில் செத்திருக்க வேண்டும். இதுவோ விளிம்புவரை பொங்கி, மெல்லிய சத்தத்தோடு குமிழ் உடைக்கிறது. நடுநடுவே பழுப்புப் புள்ளிகள் வேறு. அவள் போட்டு வந்தது வெறும் மைதா. "பழசக் கொட்டிட்டுப் புதுசா கரைச்சு வச்சிருக்கீங்களா?" என்கிறாள். கணவர் ஜெபராஜ் செய்தித்தாளை இறக்கவில்லை. "இல்ல, அதே பழைய மாவுதான்." "என் கண்ணப் பாத்துச் சொல்லுங்க." தாள் மெதுவாக மடிகிறது. "மூணு மாசம் மறந்தே போயிட்டேன். மேல கறுப்பா தண்ணி நின்னுச்சு. அடியிலேருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, தெனமும் கோதுமை மாவு போட்டேன்." பிரான்சி நம்பவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறாள். காதோரம் கூசுகிற அதே புளிப்பு. "எத்தன நாள்ல பொங்குச்சு?" அவர் தரையைப் பார்க்கிறார். "பதினோரு நாளு. மாவு எப்படியிருக்குன்னு கேட்டுருவாளேன்னு, அதுவரைக்கும் பாப்பா கனடாவுலேருந்து பண்ண போனையே நான் எடுக்கல."