திறக்காத செய்தி

ராலிட்சா ஹெட்போனைக் கழற்றாமலே தண்ணீர் குடித்தாள். வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

நேற்று இரவு ஏசி தீப்பிடித்து, கம்பெனியின் சர்வர் அறை மொத்தமும் கருகிப்போயிருந்தது. பல்கேரியா முழுக்கச் சின்னச் சின்ன ஆட்களுக்கு இணையதளம் நடத்தித் தரும் கம்பெனி. எடுத்துவைத்த நகல்களும் அதே அறையில்தான் இருந்தன.

"மீட்கப் பார்க்கிறோம்னு மட்டும் சொல்லு. வேற வாயே திறக்காத" என்று சொல்லிவிட்டு, முதலாளி பிளாமென் தன் போனை அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கேட்டவர்கள் எல்லோரிடமும் உள்ளதைச் சொன்னாள். போனது போனதுதான்.

வார்னாவில் ஓட்டல் வைத்திருந்தவருக்குக் கோடை முழுவதற்குமான முன்பதிவுகள் போய்விட்டன. எந்தத் தேதிக்கு யார் வருகிறார்கள் என்று அவர் நினைவிலிருந்தே சொல்லிப் பார்த்தார்.

ஒரு கால்நடை மருத்துவர், "நாசமாப் போவீங்கடி!" என்று கத்திவிட்டு, பிறகு அவரே அழுதார்.

ராலிட்சா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மேசையில் காலையில் வாங்கிய பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் ஆறிப்போய், எண்ணெய் காகிதத்தில் ஊறிக் கிடந்தது. யாரிடமும் பொய் சொல்லவில்லை என்ற ஒன்றுதான் அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருந்தது.

"அம்மாடி, விதின்லேருந்து ஸ்தாமென் பேசறேன். பஸ் டிரைவர். எனக்குக் கடைகிடை எல்லாம் இல்ல. காணாமப் போன என் பையன் லியூபெனுக்காக இன்டர்நெட்ல ஒரு பக்கம் வச்சிருக்கேன்."

அந்தப் பக்கத்தை அவளுக்குத் தெரியும். டான்யூப் கரையில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பையன். அவனுக்குக் கீழே, பார்த்தவர்கள் எழுத ஒரு பெட்டி. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் யாரும் எழுதியதில்லை.

எல்லாம் போய்விட்டது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் விடவில்லை.

"நேத்து சாயங்காலம் புதுச் செய்தி ஒண்ணு வந்திருக்குன்னு போன்ல காட்டுச்சு. இத்தனை வருஷத்துல முதல் தடவை. நான் திறக்கல. பயமா இருந்துச்சு, அம்மாடி. ஒரே ஒரு ராத்திரி, அவன் எங்கேயோ உசிரோட இருக்கான்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கலாம்னு அப்படியே வச்சிட்டேன். காலையில பார்த்தா பக்கமே இல்ல."

அவருக்குப் பின்னால் பஸ் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"எழுதினது யாருன்னு பார்த்துச் சொல்ல முடியுமா? பேரு கூட வேணாம். எந்த ஊருன்னு மட்டும் சொல்லு, நானே போயிடுறேன்."

நாள் முழுக்க அத்தனை பேரிடமும் சொன்னதை இவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"மீட்கப் பார்க்கிறோம், ஐயா" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"அட, நீ ஏன் அழுவுற? உன் மேல என்ன தப்பு?" அவர் மூக்கை உறிஞ்சினார். "ஒரு தடவை எழுதினவங்க மறுபடி எழுதாமலா போயிடுவாங்க?"

"எழுதுவாங்க, ஐயா."

பஸ்ஸை எடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

அடுத்த அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது. ராலிட்சா எடுக்கவில்லை.

நேற்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன், புதிதாக மாற்றிய செய்திப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க, எல்லாத் தளங்களுக்கும் தலா ஒரு செய்தி அனுப்பியவள் அவள்தான்.

லியூபெனின் பக்கத்துக்கும் அனுப்பினாள். ஒரே சொல்.

வணக்கம்.