மூன்றாவது புள்ளி

வெள்ளைப் பட்டையில் மூன்று புள்ளிகள். இரண்டு கறுத்துவிட்டன. மூன்றாவது இன்னும் வெளுப்பாகவே இருந்தது.

வஹ்பா அதையே வெறித்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. புனிதர் மார் கிர்கிஸை வேண்டுகிறார் என்று மனைவி ஈவோனுக்குப் புரிந்தது. தேவாலயம் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர்.

கால்நடை மருத்துவமனை மேசைக்கு அடியில் அவர்கள் நாய் புந்துகா படுத்திருந்தாள். ஒரு சொட்டு ரத்தம் எடுத்ததற்கே இருவர்மீதும் கோபம்.

சில வருடங்களுக்கு முன் வழக்கமான தடுப்பூசி போட்ட பிறகு அவள் உடம்பு தன் ரத்தத்தைத் தானே அழிக்கத் தொடங்கியது. பிழைத்தது மறுபிறவி. இன்னொரு ஊசி போட்டால் என்னாலும் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் நெர்மீன் அப்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் வருடாவருடம் இந்தச் சோதனை. பழைய ஊசி தந்த எதிர்ப்பு சக்தி ரத்தத்தில் மிச்சமிருந்தால் புள்ளி கறுக்கும். கறுத்தால் ஊசி வேண்டாம்.

மூன்றாவது புள்ளி, நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் நோய்க்கானது. போன வருடமே அது மங்கலாகத்தான் கறுத்தது. இந்தக் கோடையில் அலெக்சாண்ட்ரியா முழுக்க அந்த நோய்தான். மாடிவீட்டு நாய் வலிப்பு வந்து அலறிச் செத்தது கட்டடம் முழுக்கக் கேட்டது.

"அபு ஹானி, இப்படி முறைக்காதீங்க. பாவம், புள்ளி பயந்துடப் போகுது," என்றாள் ஈவோன். ஹானியின் அப்பா என்றுதான் கணவரைக் கூப்பிடுவாள்.

அவர் சிரிக்கவில்லை.

புள்ளி மெல்லச் சாம்பல் நிறமானது. பிறகு கறுத்தது. பக்கத்துப் புள்ளிகளைவிட அதிகமாகவே கறுத்தது.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஆச்சரியமா இருக்கே. போன வருஷத்துக்கு இது எவ்வளவோ மேல. இவளுக்கு ஊசியே வேண்டாம்மா."

ஈவோன் குலவையிட்டாள். வெளியே பூனைக்கூண்டோடு காத்திருந்த பெண் எட்டிப் பார்த்து, விஷயம் என்னவென்று தெரியாமலே கைதட்டினாள்.

வஹ்பாவின் கன்னத்தில் நீர் வழிந்தது.

"பாருங்க டாக்டர், பெத்த பிள்ளை ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினப்போகூட அழாத ஆளு!" என்றாள் ஈவோன்.

அவர் வேண்டிக்கொண்டது, அந்தப் புள்ளி வெளுப்பாகவே இருக்க வேண்டும் என்று.

மாடிவீட்டு நாய் செத்த மறுநாள், ஈவோன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவர் புந்துகாவைக் கால்நடை மருந்துக்கடைக்கு அழைத்துப் போனார். டாக்டர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் காதில் அந்த அலறல்தான் இருந்தது. பயம் பிடித்துக்கொண்டால் மனிதனுக்குப் புத்தி எங்கே நிற்கிறது? ஒரு புள்ளியை நம்பி எப்படி இவளை விட்டுவைப்பது என்று தோன்றிவிட்டது.

கடைக்காரர் குளிர்பானப் பாட்டில்களுக்கு நடுவிலிருந்து தடுப்பூசி மருந்துக் குப்பியை எடுத்தார். ஊசி குத்தியபோது புந்துகா அசையவே இல்லை. பிடித்திருந்தது வஹ்பா அல்லவா.

வீடு திரும்பும் வழியிலேயே செய்த காரியம் உறைத்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான். தினமும் மின்சாரம் போகிற ஊர். குளிர்பெட்டி அணைந்து மருந்து கெட்டுப்போயிருக்கலாம். குத்தியது வெறும் தண்ணீராக இருந்திருக்கலாம். அப்படியானால் புள்ளி கறுக்காது.

ஈவோன் புந்துகாவுக்குக் கழுத்துவாரை மாட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இவளுக்கு ஈரல் வறுத்துப் போடப்போகிறாளாம்.

வஹ்பா நாற்காலியை விட்டு எழவில்லை.

"டாக்டர், முன்னாடி அந்த ஊசி போட்டு எத்தனை நாள் கழிச்சு இவளுக்கு ரத்தம் அழிய ஆரம்பிச்சுது?"

"நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்கு?" என்று சிரித்தாள் ஈவோன்.

டாக்டர் சிரிக்கவில்லை. கறுத்த புள்ளியை ஒருமுறை பார்த்தார், வஹ்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையில் மண்டியிட்டு, புந்துகாவின் உதட்டை விரலால் தூக்கினார்.

சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது.